மைலேஜ் குறைந்த சிட்டிக்கு 95 பெட்ரோல் போடலாமா?

கேள்வி: என்னுடையது 2016 மாடல் ஹோண்டா சிட்டி, பெட்ரோல், மேனுவல் கியர். 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சேலத்துக்குள் தினமும் ஆபீஸ், அவ்வப்போது குடும்பத்தோடு ஏற்காடு. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி இப்போது 13-ஐத் தாண்டுவதில்லை. மலை ஏறும்போது இன்ஜினில் கடகடவென்று சத்தம் வேறு. பங்கில், “95 போடுங்க சார், இழுவையும் மைலேஜும் தானா வரும்” என்கிறார்கள். வண்டியோடு வந்த மேனுவல் புத்தகத்தில் 91 அல்லது அதற்கு மேல் என்றுதான் இருக்கிறது. மாறலாமா? இன்னொன்று, போன வருடம் ரேடியேட்டர் ஒழுகியதால் வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தோம். அதிலிருந்து டாஷ்போர்டில் நீல விளக்கு அணைய ரொம்ப நேரம் ஆகிறது. அது ஒன்றுமில்லை என்கிறார்.

பதில்: மாறலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் தேடும் இரண்டும் அதில் கிடைக்காது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நீல விளக்குதான் எனக்கு உறுத்துகிறது. அதற்கு வருமுன் பெட்ரோல் கணக்கை முடித்துவிடலாம்.

பங்கில் சொல்லும் 91, 95 எல்லாம் ஆக்டேன் எண். பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை அது சொல்லாது. எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் அந்தப் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் என்பதைத்தான் சொல்லும். பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவுவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானே வெடித்தால் கடகடவென்று கேட்கும். அதுதான் நாக்கிங். உங்கள் காரில் அதை உணர ஒரு சென்சார் இருக்கிறது. சத்தம் பிடிபட்டதும் ஈ.சி.யூ. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பிளக் அடிக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இன்ஜின் பிழைக்கும், இழுவை குறையும், பெட்ரோல் கூடக் குடிக்கும். நாக்கிங்கே இல்லாத இன்ஜினில் அதிக ஆக்டேன் ஊற்றினால் அது செய்ய வேலை ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம் பங்கில் யாரும் சொல்வதில்லை. இப்போது சாதா பெட்ரோல் என்று நாம் போடுவதே 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கு மேல். அதனால் கலவையின் ஆக்டேன் சுமார் 95 என்று பெட்ரோலியம் அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. உங்கள் மேனுவல் கேட்பது 91. தேவைக்கு மேலேயே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியும் கடகட சத்தம் வருகிறது என்றால் கோளாறு பெட்ரோலில் இல்லை. 95 என்று தனியாக விற்பதில் உங்களுக்கு மிஞ்சுவது அதில் சேர்க்கும் இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் மருந்து மட்டும்தான். எத்தனால் இல்லாத, இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 பற்றி யாராவது ஆசை காட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். 2020 டிசம்பரில் வந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். குடும்ப செடானுக்கு அது வீண்.

சரி, மைலேஜ் எவ்வளவு குறைந்தால் அதற்கு எத்தனாலைக் குற்றம் சொல்லலாம்? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி, எத்தனாலில் சுமார் 21. முன்பு ஈ10 போட்டு 16 வந்தது என்று வைத்துக்கொண்டால், ஈ20-க்கு மாறியதால் குறைவது மூன்றரை சதவீதம் அளவுக்கு. அதாவது 16 இருந்த இடத்தில் 15.4 வர வேண்டும். உங்களுக்கு வருவது 13. அரசாங்கம் கலந்தது அரை கிலோமீட்டரைத்தான் தின்றது. மீதி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உங்கள் பானெட்டுக்குள் தொலைகிறது.

இப்போது நீல விளக்கு. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பதற்கான அறிகுறி அது. சேலம் வெயிலில் சில நிமிடங்களில் அணைந்துவிட வேண்டும். ரொம்ப நேரம் எரிந்தால், தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது வால்வே இருக்காது. இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு” என்று ரேடியேட்டர் வேலையின்போது அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பட்டறைகளில் பல காலமாக உண்டு. கார்புரேட்டர் வைத்த அம்பாசடரில் அது பெரிதாகத் தெரியாது. உங்கள் காரில் தெரியும். கூலன்ட் சூடாகாதவரை ஈ.சி.யூ. காலையில் ஸ்டார்ட் செய்த இன்ஜின் என்றே நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் அடிக்கும். உங்கள் ஆபீஸ் தூரம் குறைவு என்றால் வழி முழுக்க அப்படியேதான் ஓடியிருக்கும். எரியாத மிச்சம் பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரியாகப் படியும். கரி படியப் படிய எரிஅறையின் இடம் குறைந்து அழுத்தம் கூடும், சூடும் அங்கே தங்கும். ஏற்காட்டு ஏற்றத்தில் ஆள், சாமான், ஏசி எல்லாம் சேரும்போது கடகட. உங்கள் இரண்டு புகாரும் ஒரே இடத்தில் பிறந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

என் பேச்சை நம்பிச் செலவு செய்ய வேண்டாம், முதலில் சோதித்துப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் காரின் கம்ப்யூட்டர் தகவலைப் போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் ஓ.பி.டி. கருவி மலிவாகவே கிடைக்கிறது. போனில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தபடி பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, இரவில் ஏசி போடாமல் பைபாஸில் சீராக ஓட்டுங்கள். 80-க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் தெர்மோஸ்டாட் நலம். வேகம் பிடித்ததும் 70, 65 என்று இறங்கினால் விஷயம் உறுதி. அப்புறம் நான்கு பிளக்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கையில் ஒட்டும் உலர்ந்த கறுப்புக் கரி இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கம்பெனி தெர்மோஸ்டாட்டையே போடுங்கள். கூடவே, ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் வடித்துவிட்டு மேனுவல் சொல்லும் கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள்.

படிந்த கரிக்கு, பி.இ.ஏ. என்ற பொருள் இருக்கும் இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டிலை முழு டேங்கில் ஊற்றி நெடுஞ்சாலையில் ஓட்டித் தீருங்கள். அடுத்ததாக ஆயில் மாற்றிவிடுங்கள். இந்தக் கிளீனர் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. ‘ஆக்டேன் பூஸ்டர்’ என்று விற்பதைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் மாங்கனீஸ் இருக்கிறது, பிளக் முனையில் செங்கல் நிறத்தில் படிந்துவிடும்.

ஆயில் என்றதும் கேட்க வேண்டியது: போன முறை மெக்கானிக் என்ன ஆயில் ஊற்றினார்? உங்கள் இன்ஜினுக்கானது 0டபிள்யூ-20 என்ற இளகிய ஆயில். வண்டி பழசாகிவிட்டது என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால், அந்தக் கெட்டி ஆயிலைச் சுற்றவே கொஞ்சம் பெட்ரோல் போகும்.

82,000 ஓடிய சிட்டியில் டேப்பட் கிளியரன்ஸையும், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், பார்த்தாக வேண்டும். இந்த இன்ஜினில் அது தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை அல்ல. டேப்பட் லூசானால் டிக்டிக்கென்று சத்தம் வரும், நாமும் ஓடிப்போய்க் காட்டுவோம். டைட்டானால் இன்ஜின் இன்னும் அமைதியாகிவிடும். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும், இழுவை போகும், யாருக்கும் சந்தேகம் வராது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியைக் காலையிலேயே விட்டு அவசரப்படுத்தாமல் வாங்குங்கள்.

ஏர் ஃபில்டர், டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும் டயர் காற்றளவு, இதெல்லாம் நீங்களே பார்த்துவிடலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் இறங்கி நான்கு சக்கரத்தின் அருகிலும் கை காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம்.

பெட்ரோலிலேயே கலப்படம் என்று சந்தேகம் வந்தால் பங்கில் ஃபில்டர் பேப்பர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாசிலை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அன்றைய டென்சிட்டியையும் அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள்.

பணக் கணக்கும் பார்த்துவிடுங்கள். 95-க்கு லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூட என்று வைத்தால், உங்கள் 40 லிட்டர் டேங்குக்கு 300 ரூபாய் சொச்சம். மாதம் இரண்டு டேங்க் என்றால் வருடத்துக்கு ஏழாயிரம் தாண்டும். தெர்மோஸ்டாட்டையும் டேப்பட் வேலையையும் முடிக்க அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள்.

ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி வெளியே வரும்போது மூன்றாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பிடிப்பது பலருக்கும் பழக்கம். குறைந்த சுற்றில் முழு பாரம் ஏற்றினால் நல்ல இன்ஜினும் கடகடக்கும். வளைவுக்கு முன்பே இரண்டுக்கு வந்துவிடுங்கள். இவ்வளவும் செய்து, இரண்டாம் கியரிலும் சத்தம் கேட்டால், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லி நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்கி அனுப்புங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.