தடய அறிவியலுக்கு அரசு கொட்டும் கோடிகள் அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கி வழக்குகளுக்கு உதவுமா?

உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் இல்லை.

காவல்துறையை நவீனப்படுத்தும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022இல் ஒப்புதல் தந்தபோது, தடய அறிவியலுக்கு மட்டும் 2,080.50 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024இல் வந்த இன்னொரு திட்டம் 2,254.43 கோடி, அது பெரும்பாலும் மத்திய ஆய்வகங்களுக்கும் பல்கலைக்கழக வளாகங்களுக்கும்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். ரைஃபிள், பிஸ்டல் என்றால் குழலின் உள்வரிகள் குண்டில் கீறலாகப் பதியும். தோட்டா உறையில் ஊசி அடித்த தடம் இருக்கும். ஆய்வகத்தில் ஒப்பிட்டால் எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடலாம். காட்டுப்பன்றிக்கு எனப் பதுக்கி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியில் இது நடக்காது. வழவழப்பான குழல், வாய்வழியாகக் கருமருந்து, மேலே பால்ரஸ் குண்டு (சின்ன இரும்பு உருண்டை), அடைக்கத் துணியோ தேங்காய் நாரோ. உறையும் இல்லை, வரியும் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த ஒப்பீட்டுக் கருவி வாங்கினாலும் இங்கே பாதி வேலைதான்.

இங்கே துப்புத் தருவது வேறு: கருகிய அந்த நார்த்துணுக்கு, சட்டையில் படிந்த மருந்துத்துகள், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்று காட்டும் குண்டுகளின் பரவல். ஒரு மழை போதும், பாதி போய்விடும். அதனால் என்னைக் கேட்டால், மலைப்பாதை ஏறிச் சீக்கிரம் வந்து சேரும் நடமாடும் தடயவியல் வண்டிக்கும் ஆளுக்கும்தான் முதல் பணம் போக வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது.