வரைபடம் இல்லாத படகை அளவெடுக்கிறது

தம்பி, வாழைச்சேனையில் நிற்கிற அப்பாவின் 40 அடி பலநாள் படகுக்கு வரைபடம் இல்லை, புரொப்பெல்லரை மாற்றி டீசலையும் புகையையும் குறைக்க மென்பொருள் உதவுமா என்று கேட்டிருந்தீங்க. உதவும். கரையேற்றுகிற நாளை மட்டும் தவறவிடாதீங்க.

அடிப்பகுதியைச் சுரண்டிக் கழுவிக் காய்ந்ததும் கைபேசியால் சுற்றிவரப் படமெடுங்க. ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் முக்கால்வாசி தெரியவேணும். பைபர் பளபளத்தால் மென்பொருள் தடுமாறும். வெண்கட்டியால் தாறுமாறாகக் குறிகள் போடுங்க. அளவுக்கு ஒரு மீற்றர் கம்பைப் பக்கத்தில் சாத்துங்க. படங்களைச் சேர்த்து உருவமாக்கும் இலவச மென்பொருளான மெஷ்ரூமில் முப்பரிமாண உருவம் வரும். அதைப் பார்த்து, படகு வரைகிற மென்பொருளான டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பில் உடலை வரைந்தால் இடப்பெயர்ச்சி, அதாவது படகு விலக்குகிற தண்ணீரின் எடை, கிடைக்கும். புரொப்பெல்லர் கணக்குக்கு அதோடு இஞ்சின் வலுவும் கியர் விகிதமும் வேணும்.

ஆனா காசு செலவழிக்க முதல் வேகத்தைப் பாருங்க. தேவைப்படும் வலு ஏறக்குறைய வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 8 நொட்ஸிலிருந்து (மணிக்கு 8 கடல்மைல்) 7க்கு இறங்கினாலே, ஓடுகிற நேரம் கூடினாலும் அதே தூரத்துக்கு டீசல் கிட்டத்தட்ட 23% குறையலாம். எரிகிற ஒவ்வொரு லீற்றரும் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு.

இரண்டு பயணத்துக்கு டீசலையும் ஜிபிஎஸ் வேகத்தையும் குறித்துவந்து இங்க போடுங்க, சேர்ந்து கணக்குப் பார்ப்பம்.