விசையில் விரல் இல்லாமல்

அன்புள்ள ஐயா,

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. ஒரு வருடமாக யூடியூபில் துப்பாக்கி சானல்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. முதலில் பயந்துபோய்த் திட்டினேன். அவன் என்னை உட்காரவைத்து, சிக் பி320 என்ற கைத்துப்பாக்கி தானாகச் சுடுமா சுடாதா என்று அந்த சானல்காரர்கள் அடித்துக்கொள்வதை ஒரு மணி நேரம் விளக்கினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. எல்லாரும் துப்பாக்கி வேண்டும் என்பவர்கள்தானே, அப்புறம் எதற்கு இவ்வளவு சண்டை? இதைப் பார்க்கிற பிள்ளை கெட்டுப்போவானா? தடுக்க வேண்டுமா? நீங்கள் இந்த வீடியோக்களைப் பார்ப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு மணி நேரம் உட்காரவைத்து விளக்கினான் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒளித்துப் பார்க்கிற பிள்ளை அம்மாவுக்கு விளக்கமாட்டான். அவன் சொன்னதில் உங்களுக்குப் புரியாத மீதிப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தன் புதிய கைத்துப்பாக்கியாக பி320-இன் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒமாஹா அவுட்டோர்ஸ் என்ற துப்பாக்கி விற்கிற கடை தன் சானலில் ஒரு வீடியோ போட்டது. அந்தத் துப்பாக்கியைக் குறிப்பிட்ட கோணத்தில், பின்பக்கம் தரையில் படும்படி கீழே விட்டார்கள். விரல் படாமலே வெடித்தது. விழுந்த வேகத்தில் விசை, அதாவது சுட விரலால் இழுக்கும் டிரிக்கர், தன் எடையாலேயே பின்னால் போய்விடுகிறது என்பதுதான் விஷயம். அதே வாரம் அதைத் தயாரிக்கும் சிக் சாவர் நிறுவனம், விரும்புகிறவர்களுக்கு இலவசமாகப் பாகங்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. மாற்றிய பாகங்களில் எடை குறைந்த விசையும் ஒன்று.

துப்பாக்கிக்கு எதிரான இயக்கம் கண்டுபிடித்த குறை அல்ல அது. துப்பாக்கியை நேசிக்கிறவர்கள், துப்பாக்கி விற்றுப் பிழைக்கிறவர்கள், கேமராவை வைத்துக் காட்டிய குறை. பெரிய நிறுவனம் கோபித்துக்கொள்ளுமே என்று அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்த உலகத்தில் நான் மதிக்கிற பகுதி இது.

கதை அதோடு முடியவில்லை. பாகங்கள் மாற்றப்பட்ட பிறகும், உறையில் இருக்கும்போதே வெடித்துக் காலில் பாய்ந்தது என்று போலீஸ்காரர்களும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2024-இல் ஜார்ஜியாவில் ஒரு ஜூரியும், பிலடெல்பியாவில் ஒரு ஜூரியும் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பிலடெல்பியாவில் மட்டும் 1 கோடியே 10 லட்சம் டாலர். நிறுவனமோ, விசையை அழுத்தாமல் இந்தத் துப்பாக்கி எந்தச் சூழ்நிலையிலும் சுடாது என்று 2025 மார்ச்சில் ஆணித்தரமாக அறிவித்தது. அந்த அறிக்கைதான் பெட்ரோல் ஊற்றியது. மிச்சிகன் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கியைச் சோதித்த எஃப்.பி.ஐ. ஆய்வகத்தின் அறிக்கை வெளியே வந்தது. விசையை அழுத்தாமலே சுடச் சாத்தியம் இருக்கலாம் என்ற தொனியில் இருந்தது அது. அப்புறம் ஒரு சிறிய சானலில் திருகாணி வீடியோ வந்தது. அந்த சானல்காரர் ஒரு திருகாணியைச் செருகி, விசையைக் கொஞ்ச தூரம் மட்டும் நகர்த்தி நிறுத்திவிட்டு, துப்பாக்கியின் மேல்பகுதியை அசைத்தார். சுட்டது.

உங்கள் மகன் பார்த்த சண்டையில் பெரும்பகுதி இந்தத் திருகாணியைப் பற்றியதாகத்தான் இருக்கும். திருகாணி விசையை நகர்த்தியிருக்கிறதே, இது எப்படித் தானாகச் சுட்டதாகும் என்று ஒரு தரப்பு. வேறு துப்பாக்கியில் இதையே செய்தால் சுடுவதில்லையே, விசை கொஞ்சம் மட்டும் நகர்ந்த அந்த நிலையில்தானே ஆபத்து என்று மறு தரப்பு. என்னைக் கேட்டால், அந்த வீடியோ எதையும் நிரூபித்துவிடவில்லை, ஆனால் நல்ல கேள்வியை எழுப்பியது. பழித்துக்கொண்டிருந்தவர்களைவிட, பத்துத் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் உருப்படியான வேலை செய்தார்கள்.

2025 ஜூலை 20 அன்று வயோமிங்கில் உள்ள எஃப்.இ. வாரன் விமானப்படைத் தளத்தில் ஓர் இளம் வீரர் இந்தத் துப்பாக்கியின் ராணுவ வடிவத்தால் சுடப்பட்டு இறந்தார். அந்தப் படைப்பிரிவு அந்தத் துப்பாக்கியையே நிறுத்திவைத்தது. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதான் என்று இணையம் முழுக்கக் குரல்கள். ஆகஸ்டில், அந்தச் சாவு தொடர்பாகச் சக வீரர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பொய் வாக்குமூலம் கொடுத்ததாகவும் அவர்மேல் குற்றச்சாட்டு. துப்பாக்கியை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடனே எதிர்த்தரப்பு, எல்லாப் புகாரும் இப்படித்தான் என்று கிளம்பியது. அதுவும் தவறு. ஒரு சாவு இரண்டு பக்கமும் கோல் போடுவதற்கான பந்தாகிவிட்டது. எனக்கு உண்மையாகவே வலித்த இடம் இதுதான்.

எல்லாரும் ஒரே கட்சிதானே, எதற்குச் சண்டை என்று கேட்டீர்கள். பணம் ஒரு பெரிய காரணம். 2018-இல், பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட அடுத்த மாதம், யூடியூப் தன் விதிகளை இறுக்கியது. துப்பாக்கி விற்பனைக்கான வீடியோக்களுக்கும் விற்கும் தளங்களுக்கான இணைப்புகளுக்கும் தடை வந்தது. இன்ரேஞ்ச் டிவி என்ற சானல் கோபத்தில் தன் வீடியோக்களை ஓர் ஆபாசத் தளத்தில் போய்ப் போட்டது. ஏற்கெனவே இந்த வீடியோக்களுக்கு விளம்பர வருமானம் நிச்சயமில்லாமல் இருந்தது. அப்புறம் என்ன செய்வார்கள்? பார்வையாளர்களிடம் மாதச் சந்தா கேட்கலாம், டி-ஷர்ட் விற்கலாம், இல்லாவிட்டால் துப்பாக்கி, தோட்டா நிறுவனங்களின் ஸ்பான்சரை வாங்கலாம். தயாரிப்பாளரின் தயவில் இருப்பவர் தயாரிப்பின் குறையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் அங்கே ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே, எவ்வளவு வாங்கினாய் என்ற கேள்வி வந்து நிற்கிறது.

இன்னொரு வகையும் இருக்கிறது. 2021-இல் கென்டக்கி பாலிஸ்டிக்ஸ் சானலை நடத்துகிறவர் .50 காலிபர் என்ற மிகப் பெரிய தோட்டாவைப் போடும் ஒரு துப்பாக்கியைச் சுட்டபோது அது அவர் முகத்துக்கு நேரே வெடித்துச் சிதறியது. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தது. கட்டைவிரலால் காயத்தை அழுத்திக்கொண்டே உயிர் பிழைத்தார். குணமான பிறகு அந்தக் காட்சியை அவரே போட்டு, என்ன நடந்தது என்று படிப்படியாகச் சொன்னார். தோட்டாவின் குறையா, துப்பாக்கியின் அமைப்பா என்று பெரிய விவாதம் நடந்தது. பாதுகாப்பைப் பற்றி ஆயிரம் பேர் சொல்வதைவிட அது ஒன்றே போதும். உங்கள் மகன் அதைப் பார்த்திருக்கவில்லை என்றால், நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். ரத்தம் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனி எனக்குப் பிடிக்காத பக்கம். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது போய், நாம் யார், எதிரி யார் என்று பேசத் தொடங்கும் இடம். உங்கள் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. யூடியூபர் பிராண்டன் ஹெரேரா, டோனி கொன்சாலஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றார். 2022-இல் ஒரு பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட யுவால்டி நகரம் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. அந்தக் கொலைகளுக்குப் பிறகு வந்த துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்துக்கு கொன்சாலஸ் ஆதரவாக ஓட்டுப் போட்டதுதான் ஹெரேராவின் முக்கியப் புகார். 2024 மே மாதம் ஏறக்குறைய 400 ஓட்டில் தோற்றார். வீடியோக்களில் அவர் அடித்த ஜோக்குகளே பிரச்சாரத்தில் அவருக்கு எதிராக வந்து நின்றன. கேமராவுக்கு முன்னால் சிரிப்புக்காகச் சொன்னது, யுவால்டித் தாய் ஒருத்தியின் காதில் எப்படி விழும் என்று அந்த வீடியோக்களில் யாரும் யோசிப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். தனியாகவும் விடாதீர்கள். 2023-இல் டெக் டிரான்ஸ்பரன்சி புராஜெக்ட் என்ற அமைப்பு, விளையாட்டு வீடியோ பார்க்கும் 9 வயதுப் பையன்களுடையதைப் போலக் கணக்குகள் தொடங்கிப் பார்த்தது. யூடியூப் பரிந்துரைத்ததைக் கிளிக் செய்த கணக்குக்கு ஒரே மாதத்தில் 382 துப்பாக்கி வீடியோக்கள் வந்தன. கிளிக் செய்யாத கணக்குக்கு 34. பிள்ளை தேடிப்போவது ஒரு வீடியோ என்றால், அவனைத் தேடி வருவது பல. எது அவன் தேர்ந்தெடுத்தது, எது தானாக வந்தது என்று அவனிடமே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய துப்பாக்கிகளைக் கழற்றி வரலாறு சொல்லும் ஃபார்காட்டன் வெப்பன்ஸ் போன்ற சானல்கள் அவன் பட்டியலில் இருந்தால் சந்தோஷப்படுங்கள். இயந்திரத்தின்மேல் ஆர்வமுள்ள பையனுக்கு அது நல்ல இடம்.

அப்புறம், அவனிடம் ஒன்று கேளுங்கள். எஃப்.இ. வாரன் சாவுக்கு அடுத்த நாள் துப்பாக்கிதான் கொன்றது என்று அடித்துச் சொன்னவர்களில், ஆகஸ்டில் கைதுச் செய்தி வந்ததும், அவசரப்பட்டுவிட்டேன் என்று வீடியோ போட்டவர் யாராவது அவன் பார்க்கும் சானல்களில் உண்டா? அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.