கால் டாலர் எப்போது முழுமை?

கேள்வி: அமெரிக்க மாமா தந்த கால் டாலர்க் குத்திகளில் 50 மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. தொகுப்பு முழுமைதானே? – வாசகி, கோண்டாவில்

பதில்: மாநிலத்துக்கு ஒரு வடிவமாக வந்த 1999–2008 வரிசை முழுமை, தங்கச்சி. அதுவே பெரிய சந்தோசம். அப்புறம் 2009இல் தலைநகருக்கும் ஆட்புலங்களுக்குமாக 6, தேசியப் பூங்கா வரிசையில் 56, 2021இல் டெலவெயர் ஆற்றைக் கடக்கும் வொஷிங்டன், 2022–2025இல் பெண்கள் வரிசை 20. 2025 வரை மொத்தம் 133 வடிவங்கள். வொஷிங்டனின் தலை உள்ள பக்கத்தில், அச்சடித்த நாணயச்சாலையைக் காட்டும் சின்ன எழுத்தையும் பாருங்கள்: பீ ஃபிலடெல்பியா, டீ டென்வர். இரண்டும் வேண்டுமென்றால் 266.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினர் தந்த 2019 குத்தியில் டபிள்யூ எழுத்தைக் கண்ட இரவு எனக்கு நித்திரையே இல்லை. அது வெஸ்ட் பொயின்ற் அச்சு. 2019, 2020இல் மட்டும், வடிவத்துக்கு 20 இலட்சம்தான் புழக்கத்தில் விட்டார்கள். என் கணக்கில் அது இல்லாமலும் தொகுப்பு முழுமைதான். ஒன்று, புளி போட்டு மினுக்கிவிடாதீர்கள்!