ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

கேள்வி: எங்கள் வீடு திருமங்கலத்துக்கு வெளியே, தோட்டங்களை ஒட்டி இருக்கிறது. சுற்றி நாலடி காம்பவுண்டு. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வாரத்தில் பாதி நாள் வெளியூர். நான், மாமியார், ஏழு வயசுப் பையன், அவ்வளவுதான் வீட்டில். சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். காவலுக்கு நாய் வாங்கலாம் என்று முடிவு செய்தோம், நம்ம ஊர் நாய்தான் என்பதிலும் சண்டை இல்லை. அவர் ராஜபாளையம் என்கிறார், எனக்கு சிப்பிப்பாறை பிடித்திருக்கிறது. எதை வாங்குவது?
வாசகி, திருமங்கலம்

பதில்: டியூஷன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ராஜபாளையம் அந்நிய ஆளை லேசில் ஏற்றுக்கொள்ளாது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய், நின்றால் தோள் உயரமே 65 முதல் 75 சென்டிமீட்டர் வரும். வீட்டில் ஒருத்தரைத் தன் ஆளாக வரித்துக்கொண்டு அவர் சொல்வதைத்தான் முழுசாகக் கேட்கும், அந்த ஒருத்தர் உங்கள் வீட்டுக்காரராகிவிட்டால் அவர் ஊரில் இல்லாத நாட்களில் என்ன செய்வீர்கள்? ஐந்து மணிக்குப் பிள்ளைகள் கத்திக்கொண்டு கேட்டைத் திறக்கும்போதும், அழைத்துப்போக வரும் அப்பாக்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கும்போதும் அது சும்மா படுத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த இரண்டு மணி நேரம் கட்டிப் போடலாமே என்பீர்கள். நிதமும் சத்தம் கேட்கும் நேரத்தில் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு அந்தப் பிள்ளைகள் மேல்தான் எரிச்சல் ஏறும், ஒரு நாள் சங்கிலி அறுந்தால் போதும். அது திமிறினால் மாமியாரால் பிடிக்கவும் முடியாது.

ராஜபாளையத்தைக் குறை சொல்கிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் கோபப்பட வேண்டாம். 2005-ல் அஞ்சல்துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று, கம்பீரத்துக்கு என்ன குறை. தோட்டத்திலேயே குடியிருந்து, வந்து போகிற ஆள் குறைவாக இருக்கும் வீடாக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போ சிப்பிப்பாறை சரிதானே என்றால், சரி, ஆனால் அந்த நாலடிச் சுவரை வைத்துக்கொண்டு கூடாது. முயல் விரட்டிய நாய் அது. கண்ணில் ஏதாவது ஓடுவது பட்டுவிட்டால் காது அடைத்துப்போகும், நீங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாது, நாலடி அதற்கு ஒரு தாவு. தோட்டம் பக்கம் என்கிறீர்கள், மயில் வரும், முயல் வரும், அடித்துப் போட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் வாசலில் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக் கோழிக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் பஞ்சாயத்து உண்டு. சுவருக்கு மேல் கம்பி வலை போட்டு ஆறடிக்குக் குறையாமல் உயர்த்திவிட்டு அப்புறம் குட்டி பாருங்கள்.

பெல்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் சாதாரண பெல்ட் சிப்பிப்பாறைக்கு நிற்காது. அதன் தலை கழுத்தைவிட ஒடுக்கம். வேண்டாம் என்று நினைத்தால் நின்ற இடத்திலேயே காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு இரண்டடி பின்வாங்கும், பெல்ட் உங்கள் கையில் இருக்கும், நாய் ரோட்டில் இருக்கும். இழுத்தால் அளவாக இறுகும் மாதிரியான அகலப் பட்டை கேட்டு வாங்குங்கள்.

மற்றபடி உங்கள் வீட்டுக்குத் தோதான நாய்தான். புது ஆளைக் கண்டால் விலகி நிற்கும், குரைத்துச் சொல்லும், பாய்கிற குணம் ராஜபாளையம் அளவுக்கு இல்லை. காவலுக்கு அது போதும், திருடனைக் கடித்துக் குதற வேண்டும் என்பதெல்லாம் சினிமா. குட்டியாக இருக்கும்போதே டியூஷன் பிள்ளைகளோடு பழக்கிவிடுங்கள், பையனையும் நாயையும் மட்டும் தனியாக விடாதீர்கள், இது எந்த நாயாக இருந்தாலும். விலா எலும்பு லேசாகத் தெரியும், அதன் வாகே அப்படி, "சோறு போடறீங்களா இல்லையா" என்று தெருவில் கேட்பார்கள், அதற்காகத் தின்னக் கொடுத்து ஊத வைக்க வேண்டாம். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களுக்குச் சீக்கிரம் தெளியாது. கருத்தடைக்கு அழைத்துப் போகும்போது டாக்டரிடம் சிப்பிப்பாறை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு வருஷா வருஷம்.

சுவரை உயர்த்தக் காசில்லை என்றால் இரண்டும் வேண்டாம், தெருவில் பிறந்த நல்ல குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். குரைப்பதில் அதுவும் சளைத்ததில்லை.

கேள்வி: ராஜபாளையம் குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சுத்த வெள்ளை, ஒரு கண் நீலம், பிறந்து முப்பது நாள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
வாசகர், சிவகாசி

பதில்: பொறுங்கள். இந்த வகையில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு, நீலக்கண் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுதல். தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் உட்காதுக்கும் வேண்டும், அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் திறன் போய்விடும். கூடப்பிறந்த குட்டிகளோடு வைத்துப் பார்க்காதீர்கள், மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். தனியாகத் தூங்கும்போது தலைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வில் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பித்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அதோடு, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. முப்பது நாளில் தள்ளிவிடப் பார்க்கிற ஆளிடம் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காது விஷயத்தைக் கேட்டால் "வளர வளரச் சரியாயிடும்" என்பார். ஆகாது.