மோனேவின் கடற்கரை ஓவியம்: 36-க்கு 24 அங்குலப் பிரிண்ட் வாங்கலாமா?

கேள்வி: ஹாலில் சோஃபாவுக்கு மேலே மாட்ட, பிரெஞ்சு ஓவியர் மோனே 1870-இல் வரைந்த 'துரூவில் கடற்கரை' ஓவியத்தின் கேன்வாஸ் பிரிண்ட் ஒன்றை இணையக் கடையில் பார்த்தேன். 36-க்கு 24 அங்குலம், 'லிமிடெட் எடிஷன்' என்று போட்டு 4,800 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த அளவில் வேண்டாம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அசல் ஓவியம் 46.5 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம்தான். அதே விகிதத்தில் அகலத்தை 36 அங்குலமாக்கினால் உயரம் 29 அங்குலத்தைத் தாண்டும். 24-க்குள் அடக்கியிருக்கிறார்கள் என்றால், ஒன்று ஐந்து அங்குலத்துக்கு மேல் வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் படத்தைப் பக்கவாட்டில் இழுத்திருக்க வேண்டும். வெள்ளை உடையில் மோனேவின் மனைவி காமீல், கறுப்பு உடையில் இன்னொரு பெண், நடுவில் காலி நாற்காலி, தலைக்கு மேல் குடைகள் என்று நெருக்கமாக அமைந்த படம் இது. கத்தரி வைத்தால் குடைக்கோ உடைக்கோ சேதம் நிச்சயம்.

இதைக் கடற்கரையிலேயே உட்கார்ந்து மளமளவென்று தீட்டினார் மோனே. அங்கிருந்த மணல் துகள்கள் வண்ணத்தில் ஒட்டி இன்றும் அப்படியே இருக்கின்றன. காமீலின் முகமே சில தீற்றல்கள்தான். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அவை வெறும் திட்டுகளாகிவிடும். அதனால் அசல் அளவிலேயே, ஏறக்குறைய 18-க்கு 15 அங்குலத்தில் முழுப் படமாக வாங்கி, படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடுங்கள். சுவரும் நிறையும், ஓவியமும் கெடாது.

பெரிதாகத்தான் வேண்டுமா? மோனேவின் அப்பா நாற்காலியில் அமர்ந்து கடலைப் பார்க்கும் 'சேன்ட் அட்ரெஸ் தோட்டம்' (1867) ஓவியத்தின் அசலே சுமார் 130-க்கு 98 செ.மீ. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதன் படத்தைத் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. இறக்கி, உங்கள் ஊர் டிஜிட்டல் பிரஸ்ஸிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

'லிமிடெட் எடிஷன்', அதாவது இத்தனை பிரதிதான் என்று எண் போட்டு விற்பது, என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மோனே இறந்தது 1926-இல். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் எத்தனை பிரதியும் அச்சிடலாம் என்னும்போது கடைக்காரர் போடும் வரிசை எண்ணுக்கு என்ன மதிப்பு? அதைவிட மையைப் பற்றிக் கேளுங்கள். டை மை (கரைந்த சாயம்) வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், பிக்மென்ட் மை (நிறத் துகள்கள் கலந்தது) நெடுநாள் தாங்கும். காகிதம் அமிலமில்லாததாக இருக்கட்டும். 18 அங்குல அகலத்துக்கு ஃபைலில் 5,400 பிக்சல் இருந்தால் அச்சு துல்லியமாக வரும்.

விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.