பாக்குக்கும் அந்தக் கடலுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல

கேள்வி: போன மாசம் குடும்பத்தோட ராமேஸ்வரம் போனப்ப பாம்பன் பாலத்துல நின்னு பாக்கு நீரிணையைப் பாத்தோம். அந்தக் காலத்துல இலங்கையில இருந்து பாக்கு ஏத்திட்டு வந்த கடல்ங்குறதாலதான் இந்தப் பேருன்னும், வெள்ளைக்காரன் அதை இங்கிலீஷ்ல மாத்திட்டான்னும் கைடு சொன்னாரு. நிஜமா? (போட்டோ இணைச்சிருக்கேன்.)
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: கைடுக்கு எவ்வளவு குடுத்தீங்கண்ணே? இலங்கையில இருந்து பாக்கு வந்தது உண்மைதான், ஆனா அது கடலுக்குப் பேரு வைக்க வரல. 1763ல இருந்து 1767 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் ராபர்ட் பால்க், இந்தியாவுக்கு வந்தப்ப பாதிரியார், அப்பறம் அங்கியைக் கழட்டிட்டு கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகத்துல ஏறி கவர்னரே ஆயிட்டாரு, அவர் பேருதான் அந்தக் கடலுக்கு. 'டாக்', 'வாக்'னு சொல்றப்ப நடுவுல இருக்குற எல் வாய்க்குள்ளேயே போயிடுதுல்ல, அதே மாதிரி பால்க் 'பாக்' ஆச்சு, பேங்க்கை பேங்குன்னும் பஸ்ஸை பஸ்ஸுன்னும் சொல்ற நம்ம வாய் அதுக்கும் ஒரு உகரத்தைச் சேத்து பாக்குன்னு முடிச்சிருச்சு. மாத்துனது வெள்ளைக்காரன் இல்ல, நாமதான்.

இதுல மதுரைக்காரனுக்கு உறுத்துற விசயம் வேற ஒண்ணு இருக்கு. 1764 அக்டோபர்ல மதுரையை ஆண்ட கான்சாகிப்பை, அதான் மருதநாயகத்தை, இங்க மதுரையில வச்சு ஆற்காட்டு நவாப் தூக்குல போட்டப்ப மெட்ராஸ்ல கவர்னர் நாற்காலியில உக்காந்திருந்தது இந்த பால்க்தான். கான்சாகிப் பேரு சொல்ல நம்மூர்ல இருக்குறது கான்சாமேட்டுத் தெரு, அதுலயும் பாதிப்பேருக்கு அது யாரு பேருன்னே தெரியாது. அந்தப்பக்கம் பால்க்குக்கு ஒரு கடலே இருக்கு.

சரி, அடுத்த தப்புக்கு வருவோம். பாம்பன் பாலத்துல நின்னா நீரிணை தெரியவே தெரியாதுண்ணே. பாக் நீரிணைங்கறது கோடியக்கரைக்கும் இலங்கையில பருத்தித்துறைக்கும் நடுவுல இருக்குற இடுக்கு, நீங்க நின்ன இடத்துல இருந்து நூறு கி.மீ.க்கும் மேல வடக்க. அதுக்கு இங்கிட்டு ராமேஸ்வரம் தீவு வரைக்கும் அகலமா கிடக்குறது பாக் விரிகுடா, கச்சத்தீவு நெடுந்தீவு எல்லாம் அதுக்குள்ளதான். தீவுக்குத் தெக்க மன்னார் வளைகுடா. மண்டபத்துக்கும் தீவுக்கும் நடுவுல, உங்க காலுக்குக் கீழ ஓடுச்சே, அது பாம்பன் கால்வாய். அதுல சின்னக் கப்பலும் விசைப்படகும்தான் போகும், பெரிய கப்பல்லாம் ஆழம் பத்தாம இலங்கையைச் சுத்திட்டுத்தான் போகணும். இதைச் சரிபண்ணத்தான் 167 கி.மீ. நீளத்துக்கு சேதுசமுத்திரத் திட்டம்னு போட்டாங்க, 2005 ஜூலை 2ல அதைத் தொடங்கி வச்சதும் நம்ம மதுரையிலதான், கடலே இல்லாத ஊர்ல!

அங்க மீன்பிடிக்கிறவங்ககிட்ட இந்தப் பேரெல்லாம் புழங்காது, வடகடல் தென்கடல், அவ்வளவுதான். தனுஷ்கோடி பக்கம் இன்னும் அழகா சொல்வாங்க, வடக்க அமைதியா கிடக்குறது பெண்கடல், தெக்க துள்ளுறது ஆண்கடல்னு. ஒருதடவை ஆனி மாசத்துல நானும் மாட்டுத்தாவணியில பஸ் ஏறிப் போய் ரோட்டுப் பாலத்துல நின்னேன், காத்து வேட்டியைப் பிடுங்குது, தெக்குப் பக்கம் அலை தூணுல அடிச்சு நுரையா செதறுது, நாலு எட்டு வச்சு ரோட்டைத் தாண்டி வடக்க எட்டிப் பாத்தா தண்ணி கழுவிக் கவுத்த தட்டு மாதிரி கிடக்கு. கீழ கால்வாய்ல தெக்க இருந்து வடக்காம விறுவிறுன்னு இழுவை. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து வந்துட்டா அப்படியே தலைகீழு, இழுவை தெக்காம திரும்பிரும், வடகடல் அப்பதான் தன் குணத்தைக் காட்டும், 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி அழிஞ்ச புயலும் அந்த வாடைக்காலத்துலதான் வந்துச்சு.

அப்பறம் அந்த போட்டோ. நல்லா வந்திருக்கு, வீட்டுல எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்க, சந்தோசம். ஆனா உங்க முதுகுக்குப் பின்னாடி நுரை தள்ளுற அலையும் அதுக்கு அங்கிட்டு பச்சைத் திட்டா ஒரு தீவும் தெரியுதே, அது குருசடைத் தீவு. அப்ப நீங்க பாத்தது பாக் விரிகுடாகூட இல்லண்ணே, மன்னார் வளைகுடா.